இதயத்தைப் போர்த்திய கொழுப்பு: ஒரு மருத்துவ வரலாறு

மனித இதயத்தை மார்புக்கூட்டிலிருந்து எடுத்துப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது செந்தசை அன்று. மஞ்சள் நிறக் கொழுப்பு. நலமுடன் வாழ்ந்தவரின் இதயத்திலும் மேற்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அது மூடியிருக்கும். இதயத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்குரியது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடைப்பட்ட பள்ளங்களில் அது தடித்துக் கிடக்கிறது. இதயத் தசைக்குக் குருதியூட்டும் கரோனரி தமனிகள் ஓடுவதும் அதே பள்ளங்களில்தான். ஆகவே அத்தமனிகளைக் காண விரும்புவோர் முதலில் கொழுப்பைச் சுரண்டி அகற்றியாக வேண்டும். பாடநூல் படங்களில் இக்கொழுப்பு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வரைபவர் கை அதனை முன்னரே நீக்கிவிடுகிறது. தமனிகள் செந்தசைமேல் படர்ந்த கொடிகளைப்போல் தெளிவாகத் தெரிகின்றன.

கரோனரி தமனி நோயின் வரலாறு பொதுவாகத் தமனியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஹெபர்டன், ஜென்னர், ஹெரிக் எனத் தொடங்கிக் கொலஸ்ட்ரால், ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட் என அது நீள்கிறது. அவ்வரலாற்றைக் கொழுப்பின் பக்கமிருந்து படித்தால் வேறொரு கதை தென்படும். ஏறத்தாழ 250 ஆண்டுகளில் இக்கொழுப்பு மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. முதலில் அது நோயை மறைத்த திரையாக இருந்தது. பின்னர் நோயை விளைவிப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. இன்று நோயைக் காட்டிக்கொடுக்கும் சான்றாகவும் படிக்கப்படுகிறது.

1. திறந்தும் காணாத இதயம்

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768ஆம் ஆண்டு அரச மருத்துவர் கல்லூரியில் ஒரு கட்டுரை படித்தார். நடக்கும்போது நெஞ்சை நெரித்து, நின்றால் தணியும் ஒருவகை வலியை அதில் விவரித்தார். 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்று அவர் பெயரிட்ட அந்நோயின் விவரணை 1772இல் அச்சானது. அதைப் பற்றி அறிந்த ஒருவர், தம் பெயரை வெளியிடாமல் ஹெபர்டனுக்குக் கடிதம் எழுதினார். அவ்வலி தமக்கும் உண்டு என்றும், தாம் திடீரென இறந்துபோனால் தம் உடலைத் திறந்து காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். சில வாரங்களில் அவர் இறந்தார். அக்காலத்தின் தலைசிறந்த உடற்கூற்றியலாளரான ஜான் ஹன்டர் உடலைத் திறந்தார். மரணத்தை விளக்கக்கூடிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

அந்நாளில் ஹன்டரிடம் பயின்ற மாணவர் எட்வர்ட் ஜென்னர். பின்னாளில் அம்மைத் தடுப்பூசியால் உலகப் புகழ் பெற்றவர் அவரே. அந்த ஆய்வில் கரோனரி தமனிகள் சோதிக்கப்படவே இல்லை என்று பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதினார். ஒரு மனிதர் தம் உடலையே ஒப்படைத்தும் விடை அங்கேயே கிடந்து தப்பிவிட்டது.

ஜென்னர் பின்னர் தாமே இதயங்களை அறுத்துப் பார்த்தார். ஒருமுறை அவருடைய கத்தி ஏதோ கடினமான பொருளில் பட்டு நெரநெரத்தது. பழைய கட்டடத்தின் மேற்கூரையிலிருந்து சுண்ணக்காரை விழுந்திருக்குமோ என்று அவர் அண்ணாந்து பார்த்தாராம். விழுந்தது காரை அன்று. கரோனரி தமனிகளே எலும்புபோல் இறுகியிருந்தன. 1778ஆம் ஆண்டு ஹெபர்டனை நோக்கி எழுதிய கடிதத்தில் அவர் ஒரு கேள்வி எழுப்பினார். இந்நோயால் இறந்தோரின் இதயங்களில் கொழுப்பு மிகுந்து காணப்படுகிறது; தமனிகளோ அக்கொழுப்பினுள் முற்றிலும் புதைந்துள்ளன; அதனால்தான் அவற்றின் மாற்றம் இதுவரை எவர் கண்ணிலும் படாமல் போனதோ என்பதே அக்கேள்வியின் சாரம்.

அக்கடிதத்துக்குப் பின்னே ஒரு துயரமும் இருந்தது. முந்தைய ஆண்டு பாத் நகரில் ஹன்டரைச் சந்தித்தபோது அவருக்கும் அதே நோயின் அறிகுறிகள் இருப்பதை ஜென்னர் கண்டிருந்தார். தமனி இறுகுவதே காரணம் எனில் மருந்து கிடைக்கும் வாய்ப்பு அரிது. அதனை ஹன்டர் அறிந்தால் நம்பிக்கை இழந்துவிடுவார் என்று அவர் அஞ்சினார். ஆசிரியர்மீது கொண்ட அன்பினால் தம் கருத்தைப் பொதுவெளியில் வைக்காமல் காத்தார். 1793 அக்டோபர் 16 அன்று செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கடும் வாக்குவாதம் நிகழ்ந்த ஒரு கூட்டத்தினிடையே ஹன்டர் சரிந்து இறந்தார். அவருடைய கரோனரி தமனிகள் எலும்புக் குழல்களாக மாறியிருந்தது உடற்கூறாய்வில் தெரிந்தது. ஜென்னரின் கருத்து கேலப் பாரி 1799இல் வெளியிட்ட நூலின் வழியாகவே பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது.

இதே காலத்தில் மற்றொரு வாசிப்பும் இருந்தது. ஜான் ஃபாதர்கில் என்னும் மருத்துவர் 1776இல் வெளியிட்ட நோய்க்குறிப்புகளில், ஒரு நோயாளியின் கரோனரி தமனிகள் எலும்பாகியிருந்ததை ஹன்டர் கண்ட செய்தி பதிவாகியுள்ளது. ஆயினும் ஃபாதர்கிலின் கவனத்தை ஈர்த்தது உடலினுள் மிகுந்திருந்த கொழுப்பே. அது சேர்வதைக் கட்டுப்படுத்தும் உணவு ஒழுங்கை அவர் பரிந்துரைத்தார். ஆக, தமனியும் கொழுப்பும் ஒரே ஆண்டின் ஏடுகளிலேயே அருகருகே பதிவாகிவிட்டன. இவ்விரண்டுக்கும் இடையே உறவு உண்டா என்ற வினா மட்டும் எழவில்லை.

2. 'கொழுப்பிதயம்' என்னும் குழப்பம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் 'கொழுப்பிதயம்' என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தினர். அச்சொல் இருவேறு நிலைகளைச் சுட்டியது. இதயத்தின் மேற்பரப்பில் கொழுப்புத் திசு பெருகி, தசைநார்களுக்கு இடையிலும் நுழைவது ஒன்று. தசைநாரே சிதைந்து, அதனுள் கொழுப்புத் துளிகள் தோன்றுவது மற்றொன்று. முன்னது சேர்க்கை, பின்னது சிதைவு.

இதயத்துடிப்பைக் கேட்கும் குழலை உருவாக்கிய லெனெக் 1819இல் வெளியிட்ட நூலிலேயே இவ்வேறுபாட்டைச் சுட்டியிருந்தார். ஆயினும் நோய்ப்படுக்கையில் இரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டன. டப்ளின் மருத்துவர் ஜான் செய்ன் 1818இல் ஒரு நோயாளியின் மூச்சு ஏறி இறங்கி இடையிடையே நின்றுபோவதை விவரித்தார். அவருடைய இதயத் தசை கொழுப்பாக மாறியிருந்தது என்று குறித்தார். வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இல் அதனை விரித்தெழுதினார். இன்றும் அந்த மூச்சுமுறை இவ்விருவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

ரிச்சர்ட் குவெய்ன் 1850இல் வெளியிட்ட நீண்ட ஆய்வு, நுண்ணோக்கியின் துணையுடன் சேர்க்கையையும் சிதைவையும் தெளிவாகப் பிரித்தது. செல் நோயியலை நிறுவிய ருடால்ஃப் விர்ச்சோவும் இப்பிரிவை உறுதிப்படுத்தினார். அறிவியல் நோக்கில் இது பெரும் முன்னேற்றம். ஆனால் அதற்கு எதிர்பாராத ஒரு விளைவும் இருந்தது. தசையினுள் நேரும் சிதைவே உண்மையான நோய் என்று ஆனதும், மேற்பரப்புக் கொழுப்பு முக்கியத்துவம் இழந்தது. அது வெறும் சுமை, பருத்த உடலின் ஒரு பகுதி என்ற அளவில் எண்ணப்பட்டது. 1880களில் மியூனிக் மருத்துவர் மாக்ஸ் ஜோசஃப் ஓர்ட்டெல் பருமனும் இதயத் தளர்ச்சியும் உடையவர்களுக்கு நீர் அளவைக் குறைத்து, படிப்படியாக மலைப்பாதையில் நடக்கச் செய்யும் சிகிச்சையை வகுத்ததும் இந்தச் சுமைக் கருத்தின் அடிப்படையிலேயே.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்மித், வில்லியஸ் இருவரும் 1933இல் பருமனான 136 பேரின் இதயங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும் இம்மரபின் தொடர்ச்சியே. கொழுப்பு இதயத்தின்மீது எவ்வளவு சுமையேற்றுகிறது என்று கேட்டார்கள். அது தமனிக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி இன்னும் பிறக்கவில்லை.

3. உட்குழலின் நூற்றாண்டு

1912இல் ஜேம்ஸ் ஹெரிக், கரோனரி தமனி திடீரென அடைபட்டாலும் நோயாளி உயிர்பிழைக்கக்கூடும் என்றும், உயிருடன் இருக்கும்போதே அதனைக் கண்டறிய முடியும் என்றும் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் இதய மருத்துவம் அடைப்பைத் தேடும் கலையாக வளர்ந்தது. 1958இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் கரோனரி தமனியினுள் சாயம் செலுத்திப் படமெடுக்கும் முறையைக் கண்டார். 1967இல் அதே இடத்தில் ரெனே ஃபாவலோரோ காலின் சிரையைக் கொண்டு அடைப்பைத் தாண்டிக் குருதி செல்ல மாற்றுவழி அமைத்தார். 1977இல் ஆந்திரேயாஸ் குருண்ட்சிக் பலூன் கொண்டு அடைப்பை விரித்தார். எண்ணற்ற உயிர்களைக் காத்த கண்டுபிடிப்புகள் இவை.

இம்மூன்றும் தமனியின் உட்குழலையே நோக்கின. ஆஞ்சியோகிராம் படத்தில் தெரிவது சாயம் நிறைந்த குழலின் நிழல் மட்டுமே. தமனியின் சுவர் அதில் தெரியாது. சுவரைச் சூழ்ந்த கொழுப்பும் தெரியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் கொழுப்பு தமனியை மறைத்தது என்றால், இருபதாம் நூற்றாண்டில் தமனியின் படம் கொழுப்பை மறைத்தது. பைபாஸ் அறுவை செய்பவர் தமனியை அடைய அக்கொழுப்பைப் பிளந்து ஒதுக்கினார். அவ்வாறு ஒதுக்கியதை ஆராயத் தோன்றவில்லை.

4. திசு பேசத் தொடங்கியது

மாற்றம் இதயவியலுக்கு வெளியிலிருந்து வந்தது. மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947இல், கொழுப்பின் அளவைவிட அது உடலில் எங்கே சேர்கிறது என்பதே நோய்க்கு முக்கியம் என்று வாதிட்டார். இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பும், உடலின் மேற்பகுதியிலும் வயிற்றிலும் சேரும் கொழுப்பும் ஒரே தீங்கை விளைவிப்பதில்லை என்றார். 1993இல் கொழுப்புத் திசு டி.என்.எஃப்-ஆல்ஃபா என்னும் அழற்சிப் புரதத்தைச் சுரப்பது நிறுவப்பட்டது. 1994இல் லெப்டினும் 1995இல் அடிப்போனெக்டினும் கண்டறியப்பட்டன. எரிபொருள் கிடங்கு என்று கருதப்பட்ட திசு, ஒரு நாளமில்லாச் சுரப்பியாகவும் அறியப்பட்டது.

விலங்கியலின் பங்கும் இங்கே நினைக்கத்தக்கது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோலின் பாண்டும் உடனுழைப்பாளர்களும் 1989இல் பாலூட்டிகளின் இதயக் கொழுப்பை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். கினிப்பன்றிகளில் இக்கொழுப்பு உடலின் பிற கொழுப்பைவிட விரைவாகக் கொழுப்பமிலங்களை உருவாக்கவும் வெளியிடவும் செய்தது. இடைவிடாது உழைக்கும் இதயத் தசைக்கு உடனடி எரிபொருள் தரும் அண்டைக் களஞ்சியமாக அது இருக்கலாம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. இயல்பு நிலையில் அது பகையன்று; துணை.

இங்கு ஓர் உடற்கூற்று நுட்பத்தை மனத்தில் கொள்ள வேண்டும். இதயத்தைச் சூழ்ந்த உறைக்கு வெளியே உள்ள கொழுப்பு வேறு. உறைக்குள், தசையை ஒட்டியே கிடக்கும் கொழுப்பு வேறு. பின்னதற்கும் தசைக்கும் நடுவே எவ்விதத் தடுப்புச் சவ்வும் இல்லை. கரோனரி தமனியின் வெளிச்சுவருக்கும் அதற்கும் நடுவிலும் தடுப்பு இல்லை. அதற்குக் குருதி தருவதும் கரோனரி தமனியின் கிளைகளே. அது சுரக்கும் பொருள் அடுத்திருக்கும் சுவரைச் சென்றடைய நெடுவழி தேவையில்லை.

2003ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம். தாமஸ் மசூரெக்கும் சக ஆய்வாளர்களும், பைபாஸ் அறுவைக்கு வந்த 42 நோயாளிகளின் இதயக் கொழுப்பையும் தோலடிக் கொழுப்பையும் எடுத்து ஒப்பிட்டனர். இன்டர்லூகின்-1 பீட்டா, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்கள் இதயக் கொழுப்பில் மிகுந்திருந்தன. அறுவைக்காரரின் கத்தி ஒதுக்கிவந்த பொருள் முதன்முறையாகச் சான்றுப்பொருளாயிற்று. அதே ஆண்டில் ஜான்லூகா யாக்கோபெல்லிஸ், எக்கோ கருவியால் வலக் கீழறைச் சுவரின்மேல் கொழுப்பின் தடிப்பை அளந்து, அது வளர்சிதைமாற்றக் கோளாறுகளுடன் இணைந்திருப்பதைக் காட்டினார். உயிருள்ள மனிதரில் இக்கொழுப்பை எளிதில் அளக்க வழி பிறந்தது.

பின்னர் மக்கள்தொகை ஆய்வுகள் தொடர்ந்தன. ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 2008இல் இதயத்தைச் சூழ்ந்த கொழுப்புக்கும் கரோனரி தமனியில் சுண்ணம் படிவதற்கும் உள்ள தொடர்பை வெளியிட்டது. அமெரிக்காவின் பல இனத்தவரைப் பின்தொடர்ந்த மெசா ஆய்வு 2009இலும், ஜெர்மனியில் 4,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஹைன்ஸ் நிக்ஸ்டார்ஃப் ஆய்வு 2013இலும், கொழுப்பு மிகுந்தோருக்குப் பின்னாளில் கரோனரி நோய் வரும் வாய்ப்பு மிகுவதைக் காட்டின.

5. எது காரணம், எது விளைவு?

தொடர்பு இருப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு. மசூரெக் ஆராய்ந்தவர்கள் அனைவரும் ஏற்கெனவே நோயுற்றவர்கள். கொழுப்பின் அழற்சி தமனியைக் கெடுத்ததா, கெட்டுப்போன தமனி கொழுப்பில் அழற்சியைத் தூண்டியதா என்பதை அவ்வாய்வு மட்டும் தீர்க்க இயலாது.

கொழுப்பே காரணம் என்போர் இயற்கையே நிகழ்த்திய ஒரு சோதனையை எடுத்துக்காட்டுவர். சிலரது கரோனரி தமனி ஓரிடத்தில் கொழுப்பை விட்டு விலகித் தசைக்குள் மூழ்கி, பின்னர் மீண்டும் மேலே வருகிறது. 'தசைப்பாலம்' எனப்படும் அப்பகுதிக்குள் படிவு அரிதாகவே ஏற்படுகிறது. அதற்குச் சற்று முன்னுள்ள பகுதியிலோ மிகுதியாக ஏற்படுகிறது. கொழுப்பின் அண்மை இல்லாததே காப்பு என்பது இவர்கள் வாதம். மறுதரப்பு, தசை ஒவ்வொரு துடிப்பிலும் தமனியை அழுத்துவதால் மாறும் குருதியோட்ட விசைகளே காப்புக்குக் காரணம் என்கிறது. இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது எளிதன்று. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஆசபா இனப் பன்றிகளின் கரோனரி தமனியைச் சுற்றியிருந்த கொழுப்பு அறுவையால் அகற்றப்பட்டது. அவ்விடத்தில் படிவின் வளர்ச்சி மந்தமானது. கொழுப்புக்குப் பங்குண்டு என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் பன்றியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிக் கூற இயலாது.

2017இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சரலாம்பொஸ் ஆண்டோனியாடெஸ் குழுவினர் கேள்வியைத் தலைகீழாக்கினர். அழற்சியுற்ற தமனிச்சுவர் வெளியிடும் பொருள்கள் அருகிலுள்ள கொழுப்புச் செல்களை முதிரவிடாமல் தடுக்கின்றன. செல்கள் சிறுத்து, கொழுப்புக் குறைந்து, நீர்த்தன்மை கூடுகிறது. சி.டி. படத்தில் ஒவ்வொரு திசுவுக்கும் ஓர் அடர்த்தி எண் உண்டு. நீருக்கு அது சுழியம். கொழுப்புக்கு ஏறத்தாழ கழித்தல் 190 முதல் கழித்தல் 30 வரை. தமனியைச் சுற்றிய கொழுப்பின் எண் சுழியத்தை நோக்கி நகர்ந்தால், உள்ளே சுவர் அழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். கொழுப்பின் அளவைப் பாராமல் அதன் தன்மையைப் படிக்கும் முறை இது. 2018இல் எர்லாங்கன், கிளீவ்லாந்து நகரங்களின் நோயாளிகளிடையே நடந்த ஆய்வில் இந்த எண் இதய மரணத்தை முன்னுணர்த்தியது.

2024இல் பிரிட்டனின் எட்டு மருத்துவமனைகளில் கரோனரி சி.டி. எடுத்த 40,000க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வு வெளியானது. அவர்களில் ஐந்தில் நால்வருக்குக் குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை. ஆயினும் பின்னாளில் நேர்ந்த கடும் இதய நிகழ்வுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவர்களிடையேதான் நேர்ந்தது. தனித்தனியாகப் பார்த்தால் அடைப்புள்ளவருக்கே ஆபத்து அதிகம்; ஆனால் எண்ணிக்கையில் பெரும்பான்மையோர், உட்குழலை மட்டும் பார்த்து 'அடைப்பு இல்லை' என்று அனுப்பிவைக்கப்படுவோரே. கொழுப்பைப் படிப்பதன் தேவை இங்குதான் உயிர் சார்ந்ததாகிறது.

இரு திசைகளும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை. கொழுப்பு தமனியைத் தூண்டுவதும், தமனி கொழுப்பை மாற்றுவதும் ஒரே சுழற்சியின் இரு பாதிகளாக இருக்கலாம். ஆனால் மருத்துவத்தில் இவ்வேறுபாடு பெரிது. கொழுப்பு காரணமெனில் அதனைக் குறைப்பது சிகிச்சை. சான்று மட்டுமெனில் குறைக்க வேண்டியது தமனியின் அழற்சியை.

6. இந்திய உடலும் வெளித்தோற்றமும்

ஃபாதர்கில் முதல் ஸ்மித், வில்லியஸ் வரை அனைவரும் ஒன்றை இயல்பாகக் கொண்டனர்: பருத்த உடலில்தான் கொழுப்பு மிகுந்த இதயம் இருக்கும். இந்தியச் சூழலில் இவ்வனுமானம் தடுமாறுகிறது. பால் மெக்கீக் குழுவினர் 1991இல் லண்டனில் வாழும் தெற்காசியரிடையே வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் மிகுந்திருப்பதைக் காட்டினர். 2004இல் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் தங்கள் உடல்களையே எடுத்துக்காட்டாக்கி ஒரு சிறு குறிப்பை வெளியிட்டனர். இருவரின் உடல்நிறை எண்ணும் 22.3. யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கினுடையதோ 21.2 விழுக்காடு. எடைப்பலகைக்கு இருவரும் ஒருவரே. கொழுப்பை அளந்தால் வெவ்வேறு மனிதர்.

அந்த எண்கள் முழு உடலின் கொழுப்பைப் பற்றியவை. இதயக் கொழுப்பைப் பற்றியவை அல்ல. எனினும் அவை உணர்த்தும் எச்சரிக்கை இங்கும் பொருந்தும். ஒல்லியான தோற்றம் உள்ளுறுப்புகளின் நிலைக்கு உறுதிமொழி ஆகாது. மேலும், கொழுப்பின் அடர்த்தியை அளந்த பேராய்வுகள் பெரிதும் ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்தவை. அங்கு வகுத்த எல்லை எண்களை இந்திய உடல்களுக்கு அப்படியே கடன்வாங்குவது, உடல்நிறை எண்ணில் முன்னர் நேர்ந்த தவற்றை மீண்டும் செய்வதாக முடியலாம். அந்த எண்ணுக்கு இந்தியருக்கெனத் தாழ்ந்த எல்லைகள் பின்னர்தான் வகுக்கப்பட்டன. கரோனரி சி.டி. பரவலாகிவரும் இந்நாளில் நம் மருத்துவக் கல்லூரிகள் ஏற்றெடுக்கத்தக்க ஆய்வுப்பணி இது. இதற்கெனப் புதிய படங்கள் எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அடைப்பைத் தேடி எடுத்துச் சேமித்த படங்களிலேயே தமனியைச் சூழ்ந்த கொழுப்பும் பதிவாகியிருக்கிறது.

பெயர் சொல்லாமல் உடலை ஒப்படைத்த அம்மனிதர் கேட்டது எளிய கேள்வி. அவர் காலத்தின் மிகச் சிறந்த கை அவர் இதயத்தைத் திறந்தது. ஆயினும் எங்கே பார்க்க வேண்டும் என்பது அக்கைக்குத் தெரிந்திருக்கவில்லை. கருவியின் கூர்மை மட்டும் போதாது என்பதற்கு அது சான்று. ஒன்றைத் தெளிவாகக் காண மற்றொன்றை அகற்றுவது அறிவியலின் தவிர்க்கவியலா வழி. அகற்றியதைப் பின்னொரு நாள் திரும்ப எடுத்துப் பார்ப்பதும் அதே அறிவியலின் கடமை.